துணி சுற்றிய கொட்டாப்புளி

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஆறு நாள் கூலிக்குக் கல் சுமந்தவன் ஏழாம் நாள் சும்மா சுமந்தால் உடம்பு எப்படிப் பொறுக்கும்? பழைய கோர்ட்டுக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் கதவையும் நிலையையும் சேதமில்லாமல் கழற்றி, எண் எழுதி அடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேங்க் ஆபீசர், இஞ்சினியரம்மா என்று பத்துப் பன்னிரண்டு பேர் சம்பளமில்லாமல் வருவோம். நான் கொத்தனார். என்னை இழுத்து வந்தவர் என் தங்கை புருஷன், தச்சர். அங்கே எல்லோருக்கும் அவர்தான் செல்லம்.

பதினேழாம் எண் கதவின் நிலையை பேங்க் ஆபீசர் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். மாப்பிள்ளை ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"சார், இது என்ன லோன் கட்டாதவன் வீட்டுக் கதவா? இப்படிப் போட்டு இடிக்கிறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பையிலிருந்து மரக் கொட்டாப்புளியை எடுத்தார். அதன் தலையில் பழந்துணியை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். தொப், தொப் என்று நிலையில் தட்டினார். சுவருக்குள்ளிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"அடி உள்ள போகணும் சார். மேல தடம் தெரியக் கூடாது. அதான் வேலை."

ரிட்டயரான டீச்சரம்மா மரத்தைத் தடவிப் பார்த்து, "ஒரு கீறல் கூட இல்லையே!" என்றார்.

என் கை நின்றுவிட்டது. போன வருஷம் மழையில் நனைந்தபடி தங்கை பையோடு வந்து நின்றாள். "துணியச் சுத்தி அடிக்கிறாருண்ணே" என்றாள். என் பெண்டாட்டி அவளை உள்ளே கூட்டிப்போய் முதுகைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமே இல்லைங்க" என்றாள். அடையாளம் இல்லாம நான் போய் என்னன்னு கேக்கறது, ஊருக்கே நல்லவராச்சே அவரு என்று சொல்லி, நானே பஸ் ஏற்றிவிட்டேன். அவள் அழவில்லை. பஸ் குலுங்கிக் கிளம்பியபோது விலாவை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, வீட்டுலயும் துணி சுத்தித்தான் அடிப்பீங்களா?"

அவர் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் மற்றவர்கள் பக்கம் போய் வந்தது. குரலைத் தாழ்த்தி, "வீட்டு விஷயத்த வீட்டுல பேசிக்கலாம் மச்சான்" என்றார்.

கொட்டாப்புளியை அவர் கையிலிருந்து வாங்கினேன். முடிச்சை அவிழ்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. துணியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் வேலை பழகப் போகிறேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் அடியில் முன்கை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இரண்டாவது தோளில். மூன்றாவது தாடையில் விழ, பல்லும் ரத்தமுமாகக் கதவின் மேல் சாய்ந்தார். "இது தெரியட்டும்டா! நல்லாத் தெரியட்டும்!" என்று கத்தியது நான்தான். பேங்க் ஆபீசர் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். "ஐயோ கதவு! கதவப் பிடிங்க!" என்று அலறிக்கொண்டு இஞ்சினியரம்மா ஓடிவந்தார். அதில் சாய்ந்து கிடந்த ஆளை அப்புறந்தான் பார்த்தார்.

ஆம்புலன்ஸ் சந்தடியில் நழுவி, நாலைந்து தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்றிருந்தாள். என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய துணியைப் பார்த்தாள்.

"உசுரு இருக்கா?"

"இருக்கு."

அன்னிக்கு உன்ன நம்பல, தப்பு என்னோடதுதான் என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். வாயைத் திறந்தால், "தண்ணி குடு" என்று வந்தது.

முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு செம்பைக் கொண்டு வந்தாள். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. மீதியைக் குடித்தேன். தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது. செம்பை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

நம்பாமல் பஸ் ஏற்றி அனுப்பியதற்கு அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.