ஓரத்தில் பென்சில்

லாண்டரிக்காரர் தன் கணக்குக் கோப்பை வாங்கிக்கொண்டு போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டேய், பென்சில்ல எழுதினதை அழிச்சியா?"

"நானா? எழுதினது நீ!" என்றான் தம்பி.

இருவர் மட்டுமே நடத்தும் கணக்கு அலுவலகம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மேஜை, முப்பது வாடிக்கையாளர்கள். அதில் நான்கு பேர் இந்த வருடம் கைபேசிச் செயலிக்கு மாறிவிட்டார்கள். பில்லைப் படம் பிடித்தால் போதும், வரிப் படிவம் வரை அதுவே நிரப்பிவிடுமாம். கட்டணமோ கால் பங்கு. ஐந்தாவது ஆள் லாண்டரிக்காரர். அவர் பணத்தில்தான் அறை வாடகையே ஓடியது. அவரும் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். கணக்கு முடிந்ததும் தாளின் ஓரத்தில், மனதில் பட்டதைப் பென்சிலால் கிறுக்கி வைப்பாள். நேரில் சொல்லக் கூச்சம். கோப்புகள் அலுவலகத்திலேயே இருந்ததால் இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே லாண்டரிக்காரர் கோப்போடு வந்து நின்றார்.

"மேடம், 'மச்சான் சம்பளம் வாங்குவது தூங்கவா?'ன்னு எழுதியிருக்கீங்க. என் பொண்டாட்டி படிச்சுட்டா."

அக்கா மேஜைக்கு அடியில் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"சிரிச்சா. தம்பிங்களே இப்படித்தானாம்."

அக்கா தன் தம்பியைப் பார்க்காமலிருக்க முயன்றாள்.

"அது கிடக்கட்டும். 'ஹோட்டல் துணி, மூட்டைக்கு மூட்டை நஷ்டம்'. மூணு வருஷமா இதையே எழுதியிருக்கீங்க. ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. வரி கட்டத்தானே கணக்குக் குடுத்தீங்க."

"ராத்திரி உக்காந்து போட்டுப் பாத்தேன். சோப்பு, கரண்ட், வண்டிச் செலவு... நிஜம்தான். அந்தச் செயலிக்கு இது தெரியலை மேடம். படிவத்தை அது நிரப்பட்டும். நீங்க மாசம் ஒரு நாள் கடைக்கு வந்து இந்த மாதிரி திட்டுங்க. எவ்வளவு ஆகும்?"

"பழைய கட்டணமேதான் சார்," என்று முந்திக்கொண்டான் தம்பி. நேற்றுவரை பாதியாகக் குறைக்கலாம் என்று நச்சரித்தவன்.

"சரி," என்றார் அவர், யோசிக்காமல்.

அவர் வெளியே போனதும் தம்பி அடுத்த கோப்பைப் புரட்டினான். பூக்கடைக்காரம்மா அதை வாங்க மதியம் வருகிறாள்; அவளும் செயலிக்குப் போகிறாளாம்.

"அக்கா, இதுல 'வாய் அதிகம், லாபம் கம்மி'ன்னு எழுதியிருக்கே. ரப்பர் எடுக்கட்டுமா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"வாயை மட்டும் அழி."