பிஷப்பின் பேச்சு

மேரிபரோவில் நரெல் கழிவுநீர்க் குழாய் பதித்த பதினோரு வாரமும் அவளுடைய பொக்லைன் நகரும்போதெல்லாம் 'பீப் பீப்' என்று கத்தியது. விதிப்படி கத்தித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்து வண்டி போய்விட்டது. சத்தம் மட்டும் வேலை நடந்த இடத்துக்கு எதிர்வீட்டு ஆர்ச்சியின் வராந்தாவில் தங்கிவிட்டது. அவருடைய கொண்டைக்கிளி பிஷப் அதைப் பிடித்துக்கொண்டது.

அதுவரை பிஷப்புக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். ஆர்ச்சியின் மனைவி ஐலீன் முப்பது வருடமாகச் சொன்னது: "காலைத் துடைச்சிட்டு உள்ள வா, ஆர்ச்சி." அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகியும் வீட்டில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது பீப் மட்டும்தான்.

ஆர்ச்சி நஷ்டஈடு கேட்டார். வேலையால் வெளியாருடைய உடைமைக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டத்தானே நரெல் போன்ற ஒப்பந்தக்காரர்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுப்பது? காப்பீட்டுக் கம்பெனி சேதத்தைப் பார்க்க அனுப்பிய டெஸ்மண்ட் கூண்டை நாலு பக்கமும் படமெடுத்தார்.

"கிளிக்குச் சேதம் ஒண்ணும் தெரியலையே."

"பேச்சு போச்சே," என்றார் ஆர்ச்சி.

"போகல. மாறியிருக்கு."

"உங்க வீட்டுக்காரம்மா நாளைக்குப் பீப்னு கத்துனா, மாறியிருக்குன்னுதான் சொல்வீங்களா?"

டெஸ்மண்ட் அதையும் எழுதிக்கொண்டார். பணமோ வேறு கிளியோ வேண்டாம் என்றார் ஆர்ச்சி. பாலிசியில் மிச்சமிருந்த வழி பழுதுபார்ப்பது. அந்த வேலையைக் கம்பெனி நரெலிடமே ஒப்படைத்தது.

தினமும் மதியம் அவள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளியின் முன் உட்கார்ந்தாள்.

"காலைத் துடைச்சிட்டு உள்ள வா, ஆர்ச்சி."

"அவ இவ்வளவு மரியாதையா சொல்ல மாட்டாம்மா. இன்னும் கொஞ்சம் கோவமா."

சொன்னாள்.

"இது சண்டை. அவளுக்கு என்மேல சண்டை இல்ல, அலுப்பு. இன்னும் கொஞ்சம் கோவமா, ஆனா அலுத்துப்போய்."

"நீங்களே சொல்லிக் குடுங்களேன், ஆர்ச்சி."

"எனக்கு எங்க வரும்? நான் கேட்டுக்கிட்டவன்."

ஆறாவது வாரம், டெஸ்மண்ட் பரிசோதிக்க வந்திருந்த நாளில், பிஷப் கொண்டையை விரித்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் கோவமா," என்றது பிஷப், அச்சு அசலாக ஆர்ச்சியின் குரலில்.

நரெல் அவரைப் பார்க்கப் பயந்தாள். அவர் தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"ஐலீன் இருந்திருந்தா என்னைக் கிழிச்சிருப்பா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க கையெழுத்து போடணும்?"

"பழுது நீங்கியதான்னு ஒரு கேள்வி இருக்கு," என்றார் டெஸ்மண்ட்.

"பேசுதுன்னு எழுதிக்குங்க."

மறுநாளும் நரெல் அதே நேரத்துக்கு வந்து நின்றாள்.

"வேலைதான் முடிஞ்சிடுச்சே," என்றார் ஆர்ச்சி.

"சும்மா வந்தேன்," என்று பூட்ஸைக் கழற்றினாள்.