குழாய்க்குள் கேட்ட காலடி

நாய்களின் தடைதாண்டும் போட்டி தொடங்குமுன், நாய் இல்லாமல் தடத்தை நடந்து பார்க்க எட்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஃபுஜி மலையடிவாரப் புல்வெளியில் முப்பது பேர் இல்லாத நாய்களுக்குக் கைகாட்டியபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். மிசாவோ மட்டும் நாய் புகுந்து வெளிவர வேண்டிய துணிக்குழாயின் வாயருகே நாயின் உயரத்துக்குக் குனிந்து நின்றுவிட்டாள்.

குழாயைவிட்டு வரும் நாய்க்கு நேரெதிரே தெரிவது பதினைந்தாம் தடை. தாண்ட வேண்டியதோ இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும் பதினொன்று. தவறானதைத் தாண்டினால் அந்தக் கணமே வெளியேற்றம். அவளுடைய நாய் முகிக்கு வயது ஒன்பது. இந்தப் பருவத்தோடு தாண்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் மருத்துவர். போட்டியின் மேல்வகுப்புக்குப் போக இன்னும் ஒரே ஒரு பிழையற்ற ஓட்டம் வேண்டும். இதுதான் கடைசிப் போட்டி.

"நாய்க்குப் பின்னாடியே போய் பக்கம் மாறிக்குங்க, மிசாவோ சான்," என்றாள் அவளுடைய நாய்ப்பயிற்சிச் சங்கத்துத் தெருயோ. "அந்த வலிக்கிற முட்டியை வச்சுக்கிட்டு முகியை முந்தப் போறீங்களாக்கும்!"

"பின்னாடி போனா அவன் நேரா பதினஞ்சுக்குப் போயிடுவான். முன்னாடி போய், அவனைப் பாத்துத் திரும்பி நிக்கணும்."

"அப்போ திரும்பாமலே குறுக்க ஓடிடுங்க. இப்பல்லாம் நாய்க்கு முதுகைக் காட்டித்தானே பக்கம் மாறுறாங்க."

"நாயைப் பாக்காமயா? நான் அடுப்புல வச்ச சோத்தையே பாக்காம விட்டதில்ல."

தெருயோ சிரித்தாள்.

அவர்கள் முறை வந்தது. முகி பத்தாவது தடையான குழாய்க்குள் பாய்ந்ததும் மிசாவோ அதன் வலப்பக்கமாக ஓடினாள். முட்டி இழுத்தது. குழாய்வாய்க்குக் குறுக்கே போகும்போதே பின்னால் துணி சரசரத்தது. இரண்டு காலடி தாமதம். இப்போது நின்று திரும்பினால் நாய் அவள் மேலேயே வந்து மோதும்.

அவள் நிற்கவில்லை. முதுகைக் காட்டியபடியே ஓடி, வலக்கையைத் தாழ்த்தி, தலையை வலத்தோள் பக்கம் திருப்பினாள். அந்த அரை நொடி முகி எங்கே என்று அவளுக்குத் தெரியாது.

தலை முழுதாகத் திரும்புவதற்குள் வலக்கையருகே மூச்சு கேட்டது. முகி அங்கே இருந்தது. பதினொன்றைத் தாண்டி, மிச்சத் தடைகளையும் தாண்டியது. கம்பி எதுவும் விழவில்லை. பிழை காட்ட நடுவரின் கையும் உயரவில்லை.

கூடாரத்தில் தெருயோ தன் கைபேசியில் பிடித்த படத்தை மெதுவாக ஓட்டி நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. நீங்க இன்னும் கையையே இறக்கல."

குழாய்வாயில் முகியின் மூக்கு மட்டும் தெரிந்தது. அது அப்போதே இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"உள்ள இருட்டு. இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் தெருயோ.

மிசாவோ படத்தைப் பின்னால் தள்ளி, சத்தத்தைக் கூட்டினாள். காய்ந்த புல்லில் காலடி: ஒன்று ஊன்றி, ஒன்று இழுத்து. குழாயின் பக்கவாட்டில் தொடங்கி முன்னால் போய், மறுபக்கம் தேய்ந்தது. அவளைத் தாமதமாக்கிய அந்த முட்டியின் சத்தம்.

ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லிச் சான்றிதழ் வாங்க அழைத்தது. கூண்டுக்குள் முகி கண்களை மூடிக் கிடந்தது. மிசாவோ எழுந்து, வேண்டுமென்றே அதன் பின்பக்கமாகப் போய், காலைத் தரையில் மெல்ல இழுத்தாள்.

கண் திறக்கவில்லை. காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது.