டாய் என்ற சொல்லும் கெசையாவின் வயிற்றெரிச்சலும்

பர்மிங்காமில் ஸ்னோ ஹில் சரிவில் ஜேபஸ் ட்ரான்டர் வைத்திருந்த பட்டறையில் மெருகு போடும் பெண்களில் நானும் ஒருத்தி. ஷூ பக்கிள், பொடி டப்பி, எஃகுப் பொத்தான், கடிகாரச் சங்கிலி எல்லாம் செய்வோம். எங்கள் ஊரில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர்தான்: டாய். குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கும் அதே பெயர் உண்டு. ஆனால் டாய்க்காரர் என்று யாராவது சொன்னால் நாங்கள் பக்கிள் செய்கிறவரைத்தான் நினைப்போம்.

ஜேபஸின் மனைவி கெசையா வூஸ்டர் பக்கத்து ஆப்பிள் தோட்டங்களிலிருந்து வந்தவள். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஒரு பையனும் பெண்ணும் வேலி மறைவில் கொஞ்சிக் குலாவினால் 'டாய் பண்ணுகிறார்கள்' என்பார்களாம். கல்யாணமாகி வந்த புதிதில், "உன் புருஷன் ஊர்லயே பெரிய டாய்க்காரரு" என்று யாரோ பாராட்டியதும், முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டதாக அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஹென்ட்ரிகா வரும்வரை அப்படிச் சிரித்தாள்.

ஹென்ட்ரிகா டச்சு நாட்டு ராட்டர்டாமிலிருந்து வந்த விதவை. பக்கிள் அச்சில் சித்திரம் செதுக்குவதில் கெட்டிக்காரி. அதுவரை எங்கள் பக்கிள்களுக்குக் கெசையாதான் சித்திரம் போட்டுவந்தாள். ஹென்ட்ரிகா செதுக்கிய நாணல் இலையை லண்டன் வியாபாரிகள் கேட்டுக் கேட்டு வாங்கவே, கெசையாவின் அச்சுகள் மூலைக்குப் போயின. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஹென்ட்ரிகாவுக்கு எங்கள் பாஷையில் பாதி வார்த்தை வராது. பெயர் தெரியாத எதையும் 'டெய்க்' என்பாள். சுத்தியல் டெய்க், குறடு டெய்க், அரமும் டெய்க்.

"அது என்னம்மா, எல்லாத்துக்கும் ஒரே பேரு?" என்று ஒருநாள் ஜேபஸ் கேட்டார்.

"எங்க ஊர்ல அப்படித்தான். வேலைக்கு எடுக்கற சாமான் டெய்க். குதிரைக்குப் பூட்டற வாரும் டெய்க். பிள்ளைங்க விளையாடற சாமான் ஸ்பேல்டெய்க். உங்க டாய், எங்ககிட்டேருந்து திருடினது."

"எங்க தாத்தன் காலத்துலயே இங்க அந்த வார்த்தை இருக்கே."

"அப்ப உங்க தாத்தன்தான் திருடியிருப்பாரு."

அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஜேபஸுக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. கெசையாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

பக்கத்து வீட்டு டார்கஸ் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

"உன் வீட்டுக்காரரு அந்த டச்சுக்காரியோட டாய் பண்றாராமே?"

"எங்க பட்டறையில எல்லாரும்தான் பண்றோம்."

"நான் சொல்றது உங்க ஊரு டாய்டி."

அதன்பிறகு கெசையாவின் கண்ணுக்கு எல்லாமே தப்பாகப்பட்டது. ஜேபஸ் சவரம் செய்துகொண்டால் ஏன் என்று பார்த்தாள். ஹென்ட்ரிகாவின் மேசைக்கு மெழுகுவர்த்தி நகர்த்தி வைத்தால் அதையும் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், அத்தனை பேரும் வேலையில் இருக்கும்போது ஹென்ட்ரிகாவைப் பார்த்து வெடித்துவிட்டாள்.

"இங்க டாய் செய்யத்தான் கூலி குடுக்கறோம். டாய் பண்றதுக்கு இல்ல."

ஹென்ட்ரிகாவுக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டாள். நான் தயங்கித் தயங்கி விளக்கினேன். அவள் தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் நடந்ததைக் கெசையா மறுநாள் என்னிடம் சொன்னாள்.

"அவளைத் தொட்டியான்னு கேட்டேன். இல்லன்னாரு. பொய் இல்ல, எனக்குத் தெரியும். அப்ப அவ போனதுக்கு உன் மூஞ்சி ஏன் தொங்குதுன்னு கேட்டேன். 'அவ இருந்தா சிரிப்பு வந்துச்சு, அவ்ளோதான்'ங்கறாரு. தொட்டேன்னு சொல்லியிருந்தா சட்டியால அடிச்சிருப்பேன். இதுக்கு என்னடி பண்றது?"

தப்புச் செய்யாதவள்மேல் பழி போட்டதும், புருஷன் முகம் தொங்கியதும் அவளை உறுத்தின.

அவள் ஹென்ட்ரிகா தங்கியிருந்த அறைக்குப் போய், திரும்பி வரச்சொல்லிக் கேட்டாள். "எல்லார் முன்னாடியும் சொன்னே. எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கோ" என்று சொல்லி ஹென்ட்ரிகா கதவைச் சாத்திவிட்டாளாம்.

திங்கட்கிழமை எங்கள் ஊரில் பட்டறை ஆட்கள் வேலை செய்யமாட்டார்கள். பீர்க்கடையில்தான் இருப்பார்கள். அந்த வாரத் திங்கட்கிழமை கெசையா அங்கே வந்து, ஹென்ட்ரிகா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே நின்றாள். காதுவரை சிவந்திருந்தாள்.

"நான் இவளைச் சொன்னது தப்பு. இவ டாய் செஞ்சா. பண்ணல."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்று மூலையிலிருந்து ஒருவன் கேட்க, கடை முழுக்கச் சிரித்தது.

ஹென்ட்ரிகா அவன் பக்கம் திரும்பினாள். "எங்க பாஷையில டெய்க்னா இன்னொண்ணும் உண்டு. உருப்படாத கும்பல். சாமானைவிட அதுதான் இந்த ஊர்ல நிறைய இருக்கு."

கெசையாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தன் புருஷனுக்கு இவளிடம் என்ன கிடைத்தது என்று அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதனால் எரிச்சல் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

ஹென்ட்ரிகா மறுநாளே பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். கெசையா தன் மேசையை அவள் மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். கண்காணிக்கத்தான் என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். எந்த வேடிக்கைப் பேச்சானாலும் அது முதலில் தன் காதுக்கு வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டாள். நாளடைவில் டச்சு வசவுகள் அவளுக்கு எங்களைவிட நன்றாக வந்தன.

இரண்டு வருஷம் கழித்து, வால்சாலில் சேணம் செய்யும் ஒருவரை ஹென்ட்ரிகா கல்யாணம் செய்துகொண்டு போனாள். விருந்தில் கெசையா ஆட்டுக்கறியைத் தொடவேயில்லை. வண்டியில் திரும்பும்போது ஜேபஸ், "இனிமே பட்டறை அமைதியா இருக்கும். உனக்கு நிம்மதிதானே?" என்றார்.

அவள் என் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டாள்.

"அந்த வால்சால்காரன் மூஞ்சியைப் பாத்தியா? அவகூடப் பேசறதுக்கு அவனுக்கு என்னடி தெரியும்?"