விரல் நனையும் மேஜை

அந்த உணவகத்தை விட்டு ஏரி முதன்முதலாக விலகியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சூப் பரிமாறி முடித்து மீன் வருவதற்கு முன்பு. ஒரு முழம் விலகியது. இடப்பக்கத்துப் படகுத்துறையிலும் வலப்பக்கத்து ஐஸ்கிரீம் கடையிலும் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. உணவகத்தின் அகலம் நாற்பத்திரண்டு அடி. அந்த நாற்பத்திரண்டு அடிக்கு மட்டும் ஏரி பின்னால் போய் நின்றது. விடுமுறைக்கு வருகிறவர்களை நம்பியிருந்த சிறிய ஊர் அது. உணவகத்தின் வாசல் பலகையில், உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை ஏரியில் நனைக்கலாம் என்று முதலாளியம்மா எழுதி வைத்திருந்தார். அதற்காகவே ஜனங்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தார்கள். அன்று கரையோர மேஜையில் இருந்தவர் விரலை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. பெரிய சர்வர் இரண்டு கையிலும் மீன் தட்டுகளோடு வந்தவர், மேஜையை இடுப்பால் ஒரு முழம் தள்ளினார். சாஸ் ஒரு சொட்டுக்கூட அசையவில்லை. விருந்தாளி விரலை நனைத்துக்கொண்டார்.

தட்டை எங்கேயும் இறக்கி வைக்கக்கூடாது என்பது அந்த இடத்து வழக்கம். சமையலறை ஜன்னலில் வாங்கிய தட்டு மேஜைக்குப் போகும்வரை மனிதக் கையில்தான் இருக்க வேண்டும், சக்கரத்தில் ஏறக்கூடாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டு கொடுக்கும் சமையல்காரி பெரிய சர்வரின் மனைவி. மீனும் சாஸும் அவள் பொறுப்பு. கல்யாணமாகிப் பதினொரு வருடங்களில் அவர்கள் பேசியதில் முக்கால்வாசி அந்த ஜன்னல் வழியாகத்தான். வீட்டுக்குப் போனால் இருவருக்கும் கால் வலி, படுத்ததும் தூக்கம். ஒரு மதியத்துக்கு நாற்பது தடவை அவர் ஜன்னலுக்கு வருவார். அவருடைய தங்கைக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற சண்டை சூப்பில் தொடங்கி, வறுத்த கோழியில் முற்றி, புட்டிங்கில் சமாதானமாகும். அடுத்த தட்டு வருவதற்குள் பதில் யோசித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் தங்கள் சண்டைகள் நன்றாக இருக்கும் என்று அவள் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

புதன்கிழமை ஏரி இரண்டு முழம் விலகியிருந்தது. அவர் தள்ளினார். வாரக் கடைசியில் இருபது முழம். மேஜையைத் தண்ணீரோரம் போட்டால் அந்தச் சாப்பாடு முடியும்வரை ஏரி மரியாதையாக நிற்கும். அவர் காலித் தட்டுகளோடு திரும்பி அடுத்த சாப்பாட்டை எடுத்துவருவதற்குள் போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும். மற்ற மேஜைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே மேஜையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏரிக்குள் நாற்பத்திரண்டு அடி அகலத்தில் ஒரு பாதை விழுந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர்போல நின்றது; மீன்கள் சுவரோரம் வந்து நடப்பவர்களைப் பார்த்துவிட்டுப் போயின. இதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. மேஜைக்கு ஆறு மாதம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும் என்றானது. விருந்தாளிகளைக் கொண்டு போய் விட முதலாளியம்மா ஒரு ஜீப் வாங்கினார். தட்டுகள் நடந்தே போயின.

படகுத்துறைக்காரர் சமையல்காரிக்கு அண்ணன். ஒரு நாள் வேலியோரம் நின்று மைத்துனரிடம் சொன்னார்: "துரத்துனா ஓடத்தான் செய்யும் மாப்பிள்ளை. பேசாம உக்காருங்க, தானா வரும்."

"நீங்க படகு கட்டுறீங்க மச்சான். நான் மேஜை போடுறேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்" என்றார் பெரிய சர்வர்.

ஏரி விலகத் தொடங்கிய மூன்றாம் வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தார். மேஜையை யாரும் தொடவில்லை. முதல் மூன்று நாளும் ஏரி அசையவில்லை. நான்காம் நாள் ஒரு சாண் முன்னால் வந்தது. சமையல்காரி தண்ணீரோரம் குச்சி நட்டு அளந்து, அண்ணனைக் கூட்டிப் போய்க் காட்டி, ஐஸ்கிரீம் கடைக்காரரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவனிடம் சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். நல்ல செய்தி என்றார். முகம் கழுவி, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போய், மேஜையைத் தள்ளித் தண்ணீரோரம் போட்டார். ஏரி போய்விட்டது. நட்ட குச்சி ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

அதன்பின் தூரம் கணக்கில்லாமல் வளர்ந்தது. நாற்பது தடவை ஜன்னலுக்கு வந்தவர் ஆறு தடவை வந்தார், பிறகு ஒரு தடவை, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு சொல் கேட்டால் பதில் அடுத்த வாரம் வந்தது. ஏரிக்கு மறுகரை என்று ஒன்று வந்திருக்க வேண்டும், அந்தப் பாதையில் அது வரவேயில்லை. அண்ணன் தங்கையைப் படகில் ஏற்றிக்கொண்டு பாதையை ஒட்டியே துடுப்பு போட்டார். ஒரு மணி நேரத்தில் மறுகரை தட்டியது. அங்கே நாணலும் துணி துவைக்கும் கல்லும் இருந்தன. மேஜையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

சமையல்காரி தன் வேலையை மாற்றிக்கொண்டாள். முழுதாக வெந்த மீனை அனுப்பினால் போய்ச் சேரும்போது கட்டையாகிவிடும். அதனால் அரைவேக்காட்டில் எடுத்து, மூடிக்குள் இருக்கும் சூட்டில் மிச்சம் வேகும்படி விட்டாள். அவருடைய நடைக்கு எத்தனை நாழிகை என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் வலி உள்ள மாதங்களில் இன்னும் பச்சையாக எடுப்பாள். விருந்தாளிகள் ஜீப்பில் அவருக்கு முன்னாலேயே திரும்பிவந்து ஜன்னலில் சீட்டு கொடுப்பார்கள். மீன் சரியான பதம் என்று எழுதியிருந்தால் அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது என்றிருந்தால் நடை தளர்ந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முறைதான் அவர் வர முடியும் என்றான பிறகு, கணவனின் உடம்பைப் பற்றி அவளுக்கு வந்த சேதியெல்லாம் அந்தச் சீட்டுகள்தான்.

ஒன்பதாம் வருடம் அவள் அடுப்பை அணைத்துவிட்டு விருந்தாளிகளோடு ஜீப்பில் ஏறினாள். பதினேழாம் நாள் பாதையில் அவரைப் பார்த்தாள். இரண்டு கையிலும் தட்டுகள், முதுகு நேராக, அதே நடை. இறங்கிப் பக்கத்திலேயே நடந்தாள். மீன் ஆறிவிடும் என்பதால் அவர் நிற்கவில்லை. ஜன்னல் இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அடுப்பை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?" என்றார் கடைசியில்.

"அணைச்சிட்டு வந்தேன்."

அவர் முகம் வெளுத்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

"ஏங்க, இந்த ஒரு தடவை தள்ளாதீங்க. நாலு நாள் சும்மா உக்காந்திருங்க. நான் கூட இருக்கேன். அது வரும், நான்தான் அளந்து பாத்தேனே."

"வரும்னு எனக்கும் தெரியும்" என்றார் அவர். "அந்த நாலு நாளும் உக்காந்திருக்கறவங்க விரலை நீட்டிட்டு என்னைப் பாப்பாங்களே. நீ உள்ள இருந்தவ, அந்தப் பார்வை உனக்குத் தெரியாது."

"என் பார்வை தெரியுமா உங்களுக்கு?"

அடுத்த தட்டு என்று ஒன்று இருந்திருந்தால் அவர் இதற்குப் பதில் யோசித்துச் சொல்லியிருப்பார். கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பி வரும்போது ஜன்னலில் ஆள் இல்லை என்றால் தான் எந்தப் பக்கம் நடப்பது என்று மெல்லக் கேட்டார். அவள் நின்றாள். அவர் போய்க்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும் ஜீப் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

பிறகு வருடங்கள் போயின. முதலாளியம்மா காலமானார், அவருடைய மகள் முதலாளியம்மாவானார், பலகைக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, பிள்ளைகளோடு வந்து சாப்பிட்டார்கள். சமையல்காரி மீனை வெறுமனே சூடு காட்டி அனுப்பினாள். அதிகமாக வெந்துவிட்டது என்று சீட்டு வந்தது. பச்சையாக அனுப்பினாள், அதிகமாக வெந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து அவர் வந்தபோது, ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உயிர் மீனை விட்டுக் கொடுத்தாள். வாலடித்துக்கொண்டிருந்த அந்த மீனைப் பற்றியும் சீட்டு வந்தது. சுவை அருமை, ஆனால் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது.

அவர் மறுபடி வந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. கண் மங்கியிருந்தது, கை நடுங்கவில்லை. அவள் படகுத்துறைப் படியில் இறங்கி ஏரித் தண்ணீரை மொண்டு, பாசியில் ஒட்டியிருந்த மீன் முட்டைகளைக் கிண்ணத்தில் போட்டு மூடினாள். வழியில் முட்டை பொரிந்து, மீன் வளர்ந்து, போய்ச் சேரும்போது பதமாக இருக்கும். அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். என்ன இது என்று கேட்கவில்லை. மீன்தானே என்றார். ஆமாம் என்றாள். கிளம்பிவிட்டார்.

அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டார். அவள் விரல் மடக்கி எண்ணினாள். போய்ச் சேர எட்டு வருடம், திரும்பும்போது காலித் தட்டு என்பதால் ஏழு. மொத்தம் பதினைந்து என்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அண்ணன் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் படகின் கயிற்றை அவிழ்க்கப் போனார். உள்ளே புது முதலாளியம்மா, பெரிய சர்வர் திரும்பி வந்ததும் எடுத்துப்போக வேண்டிய அடுத்த ஆர்டரைப் படித்தார்: நான்கு பேர், மீன், பிள்ளைக்கு மிளகு வேண்டாம். நான்கு கிண்ணங்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, சமையல்காரி தண்ணீர் மொள்ளப் படி இறங்கினாள்.