வண்டி ஊதிய பிறகு

கித்தா விலை விழுந்து ரப்பர்த் தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம், செமோர்ப் பக்கமிருந்து இருளாயி ஈப்போவுக்கு வந்தாள். ரயிலடிக்கு எதிரே வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு ஓட்டலில் அறை கூட்டும் வேலை. பின்கட்டில் படுக்க இடம், இரண்டு வேளைச் சோறு. இது போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள், கண்ணுகளா.

வேலையில் குறை சொல்ல முடியாது. சிவப்புத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்தாளென்றால் முகம் தெரியும். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வராது. தங்கியவர் பெட்டியோடு படி இறங்கியதும் அந்த அறையில் துடைப்பம் போடமாட்டாள். எதிரே ரயில் ஊதிப் புறப்பட்ட பிறகுதான் குனிவாள்.

வேலைக்காரர்களுக்கு மேஸ்திரியான பிச்சைமுத்துவுக்கு இதில் எரிச்சல்.

"ஊருக்குப் போறவங்க பின்னாடியே கூட்டக்கூடாதுன்னு எனக்குந்தான் தெரியும். அது நம்ம வீட்டுல. இவங்க என்ன உன் மாமனா, மச்சானா?"

"யாராயிருந்தா என்னண்ணே. பொணம் எடுத்த வீட்டத்தான் உடனே கூட்டிக் கழுவுவாங்க."

"அடுத்த ஆளு கீழ நாக்காலியில உக்காந்திருக்கான். அவங்கிட்டப் போயி இதச் சொல்லு, கேட்டுக்குவான்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருளாயி சிரிக்கவில்லை. முந்தின வருஷம் அவள் புருஷன் சன்னாசி வேலை தேடி சிலிம் ரிவர் போனான். சண்டை போட்ட கோபம். அவன் லயத்து வீட்டு வாசலைத் தாண்டுமுன்னே வீட்டைக் கூட்டித் தள்ளினாள். ஒன்பதாம் நாள், காய்ச்சலில் போய்விட்டான் என்று ஆள் வந்து சொன்னான். துடைப்பத்தாலா மனுஷன் சாவான்? அவளுக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

மாதக் கடைசியில் பிச்சைமுத்து முடிவாகச் சொன்னார். "நாளைக்குப் பன்னெண்டாம் நம்பர் மேம் ஊருக்குக் கப்பலேறப் போறா. அவ எறங்கினதும் புதுத் துரை ஏறணும். அறை தயாரா இல்லேன்னா நீ மூட்டையக் கட்டிக்க."

மறுநாள் மேம் இறங்கினாள். இருளாயி துடைப்பத்தைக் கதவோரம் சாத்தினாள். முதலில் கூட்டி, தூசி அடங்கியதும் விரிப்பு மாற்றுவதுதான் ஓட்டல் முறை. அவள் தலைகீழாகத் தொடங்கினாள். கொசுவலையை உதறி முடிந்தாள். முகம் கழுவும் பீங்கான் சட்டியைத் தேய்த்தாள். கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பை இழுத்து விரித்தாள். இனிக் கூட்டினால் தூசியெல்லாம் அதன்மேல்தான் படியும். அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். சமையல்கட்டிலிருந்து ஒரு வாளி நிறையத் தேயிலைச் சக்கை. பிழிந்து தரையெங்கும் தூவிவிட்டு, சன்னலோரம் நின்றாள்.

வண்டி ஊதியது. கூட்டினாள். ஈரச் சக்கை தூசியைப் பிடித்துக்கொண்டு உருண்டு வந்தது.

துரை படியேறுவதற்குள் பிச்சைமுத்து வந்துவிட்டார். விரிப்பின்மேல் விரலை இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"சக்கை தரையில கறை பிடிக்காதா?"

"ஈரத்துணி போட்டுட்டேண்ணே."

"ம்."

அவ்வளவுதான். மூட்டையைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

ஐப்பசியில், தெலுக் ஆன்சனில் அக்காவுக்கு முடியவில்லை என்று பிச்சைமுத்துவுக்குச் சேதி வந்தது. பின்கட்டில் அவர் அறையையும் இருளாயிதான் கூட்டுவாள். பெட்டியோடு வெளியே வந்தவர் அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார்.

"பின்கட்டுக்கு வண்டி ஊதுறது கேக்குமா?"

"கேக்கும்ணே. போயிட்டு வாங்க."