ஒரு சாவிக்கு மட்டும் விலக்கு

ஒருவருக்குச் சாவிகள் இரண்டு. ஒன்று அவரிடமே இருக்கும். மற்றது பொதுச் சாவி. அதை யார் வேண்டுமானாலும் எடுத்து, அவருக்கு எழுதும் மெயிலைப் பூட்டி அனுப்பலாம். திறக்க அவரால் மட்டுமே முடியும். அந்தப் பொதுச் சாவிகளை வைத்திருக்கும் சர்வரில்தான் எனக்கு வேலை. ஆண்டுக்கொரு முறை சாவிக்காரருக்கு ஒரு மெயில் போகும்: 'இது இன்னும் உங்களுடையதுதானா?' ஏழு நாளில் பதில் வராவிட்டால் சாவி நீக்கப்படும். இந்த விதியிலிருந்து எந்தச் சாவியும் தப்பாது என்பதை நான் கணிதப்படி நிரூபிக்க வேண்டும்.

ஒவ்வொரு படியாகச் சரிபார்க்கும் கணினித் திரையில், நாற்பத்தோராம் படியில் நிரூபணம் சிவப்பாகி நின்றது.

"எங்கேயோ ஒரு சாவி நழுவுது," என்றான் பக்கத்து மேசைக்காரன். ஓயாமல் காதருகே வந்து பேசுவதால் எல்லோருக்கும் அவன் கொசு. "எந்தப் புண்ணியவான் விலக்கு எழுதி வச்சானோ!"

"நான்தான்."

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டைவிட்டுப் போனான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். மிஞ்சியது, சர்வரில் மெயில் முகவரியோடு இருந்த அவன் சாவி. அதுவும் போய்விடக்கூடாதென்று, அதை மட்டும் தொடாதபடி ஒரு வரி சேர்த்தேன். தினமும் மதியம் அவன் பெயரைத் தேடுவேன். வரும். மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே கொசு அந்த வரியைப் படித்தான். "அடிப்பாவி, இது உங்க அண்ணனுக்குப் போற அந்த வருஷாந்திர மெயிலையும் சேர்த்துல்ல நிறுத்துது? மூணு வருஷமா அவரை யாருமே கேக்கல."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

"நீயாவது ஒரு மெயில் போட்டிருக்கலாம்ல?"

"அப்படி ஒரு முகவரியே இல்லன்னு திரும்பி வந்துட்டா?"

கொசு விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான்.

வரியை அழித்தேன். நிரூபணம் கடைசிப் படிவரை பச்சையாக ஓடியது. கைதட்டப் போன கொசு, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான். மறுநாள் காலை அண்ணனுக்கு அந்தக் கேள்வி போனது.

எட்டாம் நாள் மதியம் தேடினேன். 'இந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்றது திரை. நான் நிரூபித்தபடியே, இம்மியும் பிசகாமல்.

ஆனால் மெயில் திரும்பி வரவில்லை. எங்கோ ஓர் அறையில், அவன் திரையில், அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். பூட்டுவதற்கு இப்போது சாவி இல்லை. யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். 'அண்ணா' என்று தொடங்கினேன்.